ப்ரீ-மெட் மாணவருக்கு ஒரு செமஸ்டர்: பாடம், மருத்துவமனைச் சேவை, ஆய்வகம் மூன்றையும் எந்த வரிசையில் தொடங்குவது?

ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நீட் எழுதி, நேராக எம்பிபிஎஸ் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலைப் படிப்பின் ஊடாகவே மருத்துவக் கல்லூரிக்கான தகுதியைச் சேர்க்க வேண்டும். அப்படிப் படிக்கிறவரைத்தான் ப்ரீ-மெட் மாணவர் என்கிறார்கள். அதனால் ஒரே செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, மருத்துவமனையில் தன்னார்வச் சேவை, ஆய்வகப் பயிற்சி மூன்றும் வந்து நிற்கும். புதிதாக வருகிறவர்களில் பலர் மூன்றையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒன்றாகத் தொடங்கி, அக்டோபரில் மூன்றிலும் திணறுகிறார்கள். உழைப்பில் குறை இருக்காது. தொடங்கிய வரிசைதான் தவறாக இருக்கும்.

இந்த வழிகாட்டி இரண்டாம் ஆண்டு இலையுதிர்கால செமஸ்டரை வைத்து எழுதப்பட்டது. ஆகஸ்ட் இறுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, தேர்வு வாரத்தையும் சேர்த்து 15 அல்லது 16 வாரங்கள். மற்ற செமஸ்டர்களுக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

1. எதற்கு முதலிடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சேவை மணிநேரம் இந்த ஆண்டு குறைந்தால் அடுத்த கோடையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்வகம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் பெரிய இழப்பில்லை. மதிப்பெண் அப்படியல்ல. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பயன்படுத்தும் ஆம்காஸ் விண்ணப்ப அமைப்பு, ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய மதிப்பெண்ணை நீக்காது. இரண்டு முறை பெற்றதையும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கில் சேர்க்கும். உங்கள் கல்லூரி பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டாலும், ஆம்காஸில் அந்தச் சலுகை கிடையாது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏவும் உண்டு.

நேரம் போதாத வாரத்தில் எதை விடுவது என்ற கேள்வி வரும்போது பதில் தயாராக இருக்கட்டும்: பாடத்தைக் கடைசிவரை விடக்கூடாது.

2. மே, ஜூன்: பாடப் பதிவு

நல்ல கலவைக்கு ஒரு மாதிரி: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதி 3 கிரெடிட், அதன் லேப் 1, மரபியல் 3, புள்ளியியல் 3, ஒரு மானுடவியல் அல்லது இலக்கியப் பாடம் 3. மொத்தம் 13. ஆய்வகத்தில் சேர்ந்தால் ஆய்வு கிரெடிட் 1 சேர்த்து 14.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 1 கிரெடிட் லேப். தாளில் 1 என்றுதான் இருக்கும். ஆனால் வாரம் 3 முதல் 4 மணி நேரம் லேபில் நிற்க வேண்டும். முன்தயாரிப்பும் அறிக்கையும் இன்னும் 2, 3 மணி நேரம் எடுக்கும். ஆகவே ஆர்கானிக் லேபையும் இயற்பியல் லேபையும் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் அதே செமஸ்டரில் எடுக்காதீர்கள். கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறதே" என்று நினைப்பது மிகப் பரவலான பிழை.

பதிவு செய்யும்போதே வாரத்தில் ஒரு முழு மதியத்தையும், அடுத்தடுத்த இரண்டு நாள்களில் தலா ஒரு பாதி நாளையும் காலியாக விடப் பாருங்கள். முதலாவது மருத்துவமனைக்கு, இரண்டாவது ஆய்வகத்துக்கு. காரணம் 7ஆம் பகுதியில் வருகிறது.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக்கூடாது. பின்னால் ஒரு பாடத்தைக் கைவிட நேர்ந்தால் தாங்கும் அளவுக்கு, முடிந்தால் 15இல் தொடங்குங்கள். கூடுதலாக எடுக்கும் பாடம் லேப் இல்லாததாக, எளிதானதாக இருக்கட்டும்.

3. ஜூன், ஜூலை: மருத்துவமனைக் காகிதங்கள்

வகுப்பு தொடங்கிய பிறகு சேவைக்கு விண்ணப்பிக்கிறவர் அக்டோபர் கடைசியில்தான் முதல் ஷிஃப்டுக்குப் போவார். விண்ணப்பம், நேர்காணல், பின்னணிச் சரிபார்ப்பு, உடல்நலச் சான்று, நோயாளியின் தகவல் காக்கும் ஹிப்பா சட்டப் பயிற்சி, அடையாள அட்டை என்று இத்தனையும் முடிய ஒன்றிரண்டு மாதம் சாதாரணமாக ஆகும். அதனால்தான் கோடையிலேயே தொடங்கச் சொல்கிறோம்.

இழுத்தடிப்பது பெரும்பாலும் உடல்நலச் சான்றுதான். வழக்கமாகக் கேட்பவை: காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி 2 தவணை, சின்னம்மை ஊசி 2 தவணை, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான டிடாப், குளிர்காலத்தில் ஃப்ளூ ஊசி.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, காசநோய்ப் பரிசோதனை. பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியால், கையில் ஊசி குத்தி வீக்கத்தை அளக்கும் தோல் பரிசோதனை தவறாக 'பாசிட்டிவ்' காட்டலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குவான்டிஃபெரான் என்றால் எல்லாக் கிளினிக்குக்கும் தெரியும். அதை பிசிஜி குழப்பாது. ஒரே நாளில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பதும் வசதி. தோல் பரிசோதனை என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். பல மருத்துவமனைகள் 1 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது முறையும் கேட்கும்.

இரண்டாவது, பழைய தடுப்பூசி அட்டை. இந்திய அரசு அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் இல்லை. அட்டையை ஊரிலிருந்து வரவழைத்தும் பாதிக் கட்டம் காலியாக இருக்கும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் பரிசோதனை செய்துகொண்டால், சிறுவயதில் அம்மை வந்து போனவர்களுக்கு ஊசி தேவைப்படாமலே போகலாம்.

இங்கே வரிசை முக்கியம். காசநோய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த பிறகு, அல்லது அதே நாளில், எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் போடுங்கள். இவை இரண்டும் உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் ஊசிகள். முதலில் ஊசி போட்டுவிட்டால் காசநோய்ப் பரிசோதனையின் விடை கொஞ்ச காலம் நம்பத்தக்கதாக இருக்காது. 4 வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். இரண்டு தவணைகளுக்கு இடையிலும் குறைந்தது 4 வாரம் வேண்டும். ஜூன் தொடக்கத்தில் போனால் ஜூலை இறுதியில் எல்லாம் முடிந்துவிடும். ஆகஸ்டில் போனால் அக்டோபர்.

இன்னொன்று: சம்பளமில்லாத தன்னார்வச் சேவைக்கு எஃப்-1 விசாக்காரர்களும், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாக்காரர்களும் பொதுவாகப் போகலாம். ஆனால் சம்பளமோ உதவித்தொகையோ வரும் வேலை வேறு கணக்கு. எச்-4இல் வளர்ந்த பிள்ளைகள் பணி அனுமதி இல்லாமல் ஆய்வகத்தில் ஊதியம் வாங்கக்கூடாது. எஃப்-1 மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான். எதிலும் கையெழுத்துப் போடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களையே எடுக்கின்றன என்பதால், ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் முன்கூட்டியே படித்துவைப்பதும் இந்தப் பிள்ளைகளுக்கு அவசியம்.

4. ஜூலை இறுதி முதல்: ஆய்வகத்துக்கு எழுதுதல்

உங்கள் பல்கலைக்கழகத் துறைப் பக்கங்களில் 10 முதல் 15 பேராசிரியர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட கட்டுரையில் சுருக்கம், படங்கள், முடிவுரை இவற்றையாவது படியுங்கள்.

மின்னஞ்சல் 150 முதல் 200 சொல்லுக்குள் முடியட்டும். முதல் வரி நீங்கள் யார், எந்த ஆண்டு. அடுத்த இரண்டு வரி அவர் வேலையில் எந்தக் கேள்வி உங்களை இழுத்தது, ஏன். அடுத்தது வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் உங்களால் வர முடியும். பிறகு எத்தனை செமஸ்டர் இருக்க நினைக்கிறீர்கள். கடைசியில் 15 நிமிடம் பேச முடியுமா என்ற கேள்வி. தன்விவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்துவிடுங்கள்.

பேராசிரியர் தேடுவது அந்த நேர வரியைத்தான். ஒரு மாணவரைப் பழக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். பழகியதும் போய்விடுகிறவரை அவர் எடுக்கமாட்டார். அதனால் குறைந்தது இரண்டு செமஸ்டர் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறவருக்கு வாய்ப்பு அதிகம்.

பெயர் மட்டும் மாற்றிய ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது, "மருத்துவக் கல்லூரிக்கு ஆய்வு அனுபவம் வேண்டும்" என்று எழுதுவது, முதல் சந்திப்பிலேயே கட்டுரையில் என் பெயர் வருமா என்று கேட்பது இவை மூன்றும் கதவை மூடும். பதில் வராவிட்டால் 7 முதல் 10 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை: தினமும் எனக்குக் கற்றுத்தரப்போவது யார்? வார இறுதி வேலை உண்டா? கிரெடிட்டா, ஊதியமா? ஆய்வகக் கூட்டத்துக்கு நான் வரலாமா? முதல் கேள்விக்குத் தெளிவான பெயர் வராத ஆய்வகத்தில் சேர வேண்டாம். புகழ்பெற்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் கேட்க ஆளில்லாமல் நிற்பதைவிட, பொறுமையான ஒரு முனைவர் பட்ட மாணவரின் பக்கத்தில் நிற்பதில் நிறையக் கற்கலாம்.

5. முதல் வாரம்: எல்லாத் தேதியும் ஒரே நாட்காட்டியில்

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸும் வந்ததும் தேர்வு, வினாடிவினா, அறிக்கை, கட்டுரை எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் ஏற்றுங்கள். கூடவே மூன்று தேதிகள்: தண்டனையின்றிப் பாடம் விடும் கடைசி நாள், மதிப்பெண்ணுக்குப் பதிலாக 'டபிள்யூ' (விலகினார் என்ற குறி) வாங்கி விலகும் கடைசி நாள், அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்கும் நாள்.

ஏற்றி முடித்ததும் இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் நெரிசலாகத் தெரியும். பெரும்பாலும் 5, 9, 13ஆம் வாரங்களை ஒட்டி இருக்கும். அந்த வாரங்களில் வர முடியாது என்பதை மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமும் ஆய்வக வழிகாட்டியிடமும் இரண்டாம் வாரமே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் முன்னால் சொன்னால் திட்டமிடுகிறார் என்பார்கள். முந்தைய இரவு சொன்னால் நம்ப முடியாதவர் என்று குறித்துக்கொள்வார்கள். பரிந்துரைக் கடிதத்தில் அது தெரியும்.

இந்த வாரம் மருத்துவமனையோ ஆய்வகமோ வேண்டாம். வகுப்பு மட்டும்.

6. மூன்றாம் வாரம்: மருத்துவமனை ஷிஃப்ட்

வாரம் ஒரு ஷிஃப்ட், 3 முதல் 4 மணி நேரம், எப்போதும் ஒரே நாள், ஒரே பிரிவு. நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் செவிலியர்கள் உங்கள் முகத்தைப் பழகமாட்டார்கள். பழகாதவரிடம் வேலையும் தரமாட்டார்கள். தேர்வு வாரங்களை விட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 10 வாரம், 30 முதல் 40 மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு அது தாராளம்.

பிரிவைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நோயாளியோடு பேச வாய்ப்புள்ள இடத்தைக் கேளுங்கள். பரிசுக் கடையிலும் கோப்பு அறையிலும் நூறு மணி நேரம் இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இருக்காது. உள்நோயாளிப் பிரிவு, அவசரப் பிரிவு, இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் மூன்றும் நல்லவை.

வேலை எளியதுதான்: போர்வை கொடுப்பது, வீடு திரும்புகிறவரைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுபோவது, கையுறைப் பெட்டி நிரப்புவது, தனியாக இருப்பவரோடு பேசுவது. தவறு நேரும் இடமும் எளியதாகத்தான் இருக்கும். ஒருவர் தண்ணீர் கேட்பார். கொடுக்காமல் இருக்க மனம் வராது. ஆனால் அவர் அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கலாம். மயக்க மருந்தின்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாதவராக இருக்கலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, தண்ணீர் அளந்து கொடுக்கப்படுகிறவராக இருக்கலாம். "செவிலியரிடம் கேட்டுவிட்டு உடனே வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு, விடை 'கூடாது' என்றாலும் திரும்பிப் போய் அதைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், கேட்டும் வராதவர் என்று அவர் காத்துக்கொண்டே இருப்பார்.

படுக்கையிலிருந்து எழ யாராவது கை நீட்டினாலும் இதே விதி. விழும் ஆபத்து உள்ளவரை நீங்கள் தூக்கக்கூடாது. அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். தமிழ் பேசும் முதியவர் ஒருவர் இருந்தால் ஆறுதலாகப் பேசலாம். ஆனால் சிகிச்சை, மருந்து, ஒப்புதல் பற்றி மொழிபெயர்க்க வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்க மருத்துவமனைக்கு வழி உண்டு. உங்கள் ஒரு சொல் பிசகினால் மருந்தின் அளவே மாறிவிடும்.

மருத்துவரைப் பின்தொடர்ந்து பார்க்கும் 'ஷேடோயிங்' தனி. அதற்கு வேறு அனுமதி வாங்க வேண்டும். குளிர்கால விடுமுறையில் ஒன்றிரண்டு முழு நாளாக வைத்துக்கொள்வதே வசதி.

7. ஆறாம் வாரம்: ஆய்வகம்

முதல் தேர்வுச் சுற்று முடியட்டும். அப்போதுதான் பாடத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் தேவை என்பது தெரியும். அதற்குள் ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியையும், மனிதர் பற்றிய தரவானால் ஆய்வு நெறிமுறைக்கான சிஐடிஐ இணையப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். அவை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

வாரம் 8 மணி நேரம் போதும். அதை எப்படித் துண்டு போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஒன்றரை மணி நேர இடைவெளிகளை ஆய்வகத்துக்கு வைத்தால் எதுவும் நடக்காது. புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி தயாரித்து, ஜெல்லில் ஓடவிட ஒன்று, ஒன்றரை மணி நேரம். சவ்வுக்கு மாற்ற ஏறத்தாழ அதே நேரம். மறைக்கும் கரைசலில் ஒரு மணி நேரம். பிறகு முதல் ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரி செல்சியஸில். மறுநாள் கழுவி, இரண்டாவது ஆன்டிபாடி ஒரு மணி நேரம், மறுபடி கழுவி, படம். ஆக முதல் நாள் 5 மணி நேரம், அடுத்த நாளே 3. பாடப் பதிவின்போதே அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இடம் விடச் சொன்னது இதற்காகத்தான்.

அப்படி இடம் கிடைக்காதவர்கள் தரவு சார்ந்த ஆய்வைத் தேடுங்கள். ஆர் என்ற கணினி மொழியில் புள்ளியியல் செய்வதும், மருத்துவப் பதிவுகளை ஆராய்வதும் இரவு 9 மணிக்கும் செய்யக்கூடியவை. அதே செமஸ்டரில் புள்ளியியல் பாடமும் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, கரைசலின் தொகுதி எண், அளவு, திட்டத்திலிருந்து எங்கே மாறினீர்கள் என்பதை அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து விடை வராதபோது காரணம் அந்த வரிகளில்தான் இருக்கும். 2 மைக்ரோலிட்டர் எடுக்க, 200 மைக்ரோலிட்டர்வரை எடுக்கும் பிப்பெட்டைப் பயன்படுத்துவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அதன் அளவெல்லைக்குக் கீழே அது சொல்வதை நம்ப முடியாது.

8. வாரக் கணக்கு

மேலே சொன்ன பாடங்களுக்கு வகுப்பும் லேபும் 16 மணி நேரம். படிப்பு 30. மருத்துவமனை பயணத்தோடு 5. ஆய்வகம் 8. மொத்தம் 59. தினம் 8 மணி நேரம் தூங்கினால் விழித்திருப்பது 112. மீதி 53இல் சாப்பாடு, துணி துவைப்பு, நண்பர்கள், வீட்டோடு பேசுவது எல்லாம் வந்துவிடும். இதன் மேல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் தயாரிப்பை ஏற்றாதீர்கள். அதற்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 300 மணி நேரம், கோடைக்கு உரியது.

படிப்பின் 30 மணியில் ஆர்கானிக்குக்கு மட்டும் 9, 10 போகும். வகுப்பு நடந்த 24 மணி நேரத்துக்குள் புத்தகத்தை மூடிவைத்து அன்றைய வினைவழிகளை வெள்ளைத்தாளில் வரையுங்கள். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்ற அம்பைப் போட முடியாத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். குறிப்பை மறுபடி மறுபடி வாசித்தால் புரிந்த மாதிரி இருக்கும். தேர்வில் கை ஓடாது. விடை பார்த்துச் செய்த கணக்கை மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் செய்யுங்கள்.

9. விலகும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்: கணக்குப் போடுங்கள்

உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உதாரணமாக இரண்டு இடைத்தேர்வு தலா 20 சதவீதம், வினாடிவினா 25, இறுதித்தேர்வு 35 என்று வையுங்கள். நீங்கள் எடுத்தது 55, 60. வினாடிவினாவில் சராசரி 80. இதுவரை 11, 12, 20 சேர்த்து 43 கையில். சி நிலைக்கான 70 வேண்டுமானால் இறுதித்தேர்வின் 35இல் 27 எடுக்க வேண்டும், அதாவது 77 சதவீதம். பி நிலைக்கான 80க்கு 37 வேண்டும். அது முடியவே முடியாது. ஆக அதிகபட்சம் சி நிலைதான்; அதற்கே இதுவரை எந்த இடைத்தேர்விலும் எடுக்காத மதிப்பெண்ணை எடுக்க வேண்டும்.

பல மருத்துவக் கல்லூரிகள் கட்டாயப் பாடங்களில் சி மைனஸை ஏற்பதில்லை. டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது; ஒன்று இருப்பதால் கதவு மூடாது, செமஸ்டர்தோறும் இருந்தால் கேள்வி வரும். எஃப்-1 மாணவர் விலகினால் 12க்குக் கீழே போகிறாரா என்பதைப் படிவம் கொடுக்கும் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேச வேண்டும். கொடுத்த பிறகு அல்ல.

டபிள்யூ தேவைப்படாமல், ஆனால் தடுமாற்றமாக இருந்தால், முதலில் ஆய்வகத்தில் இரண்டு வாரம் குறைத்துக்கொள்ளக் கேளுங்கள். மருத்துவமனை ஷிஃப்டை அதற்கு அடுத்துத்தான் தொட வேண்டும். அங்கே உங்களை நம்பி ஒரு இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

10. ஞாயிறு இரவு 15 நிமிடம்: பதிவேடு

ஒரு விரிதாளில் தேதி, இடம், மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், தொடர்பு, இரண்டு மூன்று வரி நினைவு. ஆம்காஸில் 15 அனுபவங்கள்வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, மிக முக்கியம் என்று குறிக்கும் மூன்றுக்குக் கூடுதலாக 1325. இரண்டாண்டு கழித்து அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நினைவிலிருந்து மணி நேரத்தைக் கணக்கிட முடியாது. ஊகித்து எழுதியது சரிபார்ப்பில் பொருந்தாமல் போனால் விண்ணப்பமே ஆபத்தில் விழும்.

நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அறை எண், படம் எதுவும் அதில் வரக்கூடாது. "விழுங்க முடியாத முதியவர், தண்ணீர் கேட்டார், மறுக்க வேண்டியிருந்தது" என்பது போதும். அந்த நாள் முழுதும் நினைவுக்கு வந்துவிடும்.

11. கடைசி மூன்று வாரம்

பரிந்துரைக் கடிதத்துக்கு அறிவியல் பேராசிரியர் இருவர், அறிவியல் அல்லாத ஒருவர் என்று பல கல்லூரிகள் கேட்கும். இரண்டாம் வாரத்திலிருந்தே சந்திப்பு நேரத்தில் போய்ப் பழகியவரிடம் மட்டும் இப்போது கேளுங்கள். உங்கள் கேள்விகள் அவர் நினைவில் இருக்கும்போதே கேட்பது நல்லது. "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டால், தயங்குகிறவர் மரியாதையாக விலக வழி கிடைக்கும். உங்கள் கல்லூரியில் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுதித் தரும் குழுக் கடிதம் உண்டென்றால் அதன் விதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் உங்கள் குளிர்பெட்டி மாதிரிகளுக்குப் பெயரும் தேதியும் ஒட்டி, எது எங்கே என்ற ஒரு பக்கக் குறிப்பை வழிகாட்டிக்குக் கொடுங்கள். விடுமுறையில் செல் வளர்ப்பை யார் கவனிப்பார்கள் என்பதை நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்பே பேசி முடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் செல்கள் போய்விடும்.

மருத்துவமனையில் கடைசி ஷிஃப்ட் தேதியையும் ஜனவரியில் திரும்பும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்று காலாவதியாகும் தேதியையும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வகுப்பு அட்டவணையோடு பழைய ஷிஃப்ட் மோதினால் நவம்பரில் பதிவு முடிந்த அன்றே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். ஜனவரியில் எழுதினால் நல்ல பிரிவுகளில் இடம் போயிருக்கும்.